மூணு மாசம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க: இங்கிலாந்தில் வார்டு வேலையும் இரண்டாவது பேறுகாலமும்

"மூணு மாசம் முடியுற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காதடி, கண்ணு பட்டுரும்." இரண்டாவது குழந்தை உண்டான செய்தியை ஃபோனில் சொன்னதும் அம்மா முதலில் சொன்னது இதுதான். நம் வீடுகளில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நானும் அப்படியே 16 வாரம் வரை வார்டு மேனேஜரிடம் சொல்லாமல் இருந்தேன். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் 12 மணி நேர ஷிப்ட், கையில் இரண்டரை வயது மூத்தவள், வேலை கொடுத்தவரை நம்பியே இருக்கும் ஸ்பான்சர் விசா. ஊரிலிருந்து உதவிக்கு ஒருவரும் இல்லை. அந்த 16 வார மௌனத்துக்கு நான் கொடுத்த விலை ஆயிரம் பவுண்டுக்கு மேல். நோயாளிகளைத் தூக்கித் திருப்பிவிட்டு, கழிவறையில் போய் ரத்தம் படுகிறதா என்று பயந்து பயந்து பார்த்த ராத்திரிகளைக் கணக்கில் சேர்க்கவே முடியாது. இந்த நாட்டில் கர்ப்பிணிக்கான பாதுகாப்பு பெரும்பாலும் நீங்கள் சொன்ன பிறகுதான் தொடங்குகிறது. முக்கியமான சிலது எழுத்தில் சொன்னால்தான் தொடங்கும். இதை யாராவது முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உறவுக்காரர்களிடம் மூன்று மாதம் சொல்லாமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். மேனேஜருக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் உடனே போகட்டும். அதில் மூன்று விஷயம் போதும்: நான் கர்ப்பமாக இருக்கிறேன், பிரசவத் தேதி ஏறக்குறைய இது, எனக்கென்று தனியாக ரிஸ்க் அசெஸ்மென்ட் (வேலையில் உள்ள ஆபத்துகளின் மதிப்பீடு) செய்து தர வேண்டும். செய்தியை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம். வாய்ச்சொல்லாகச் சொன்னால் "சரி, பார்த்துக்கலாம்" என்பதோடு நின்றுவிடும். எழுத்தில் போனால் உங்கள் வேலையில் இருக்கும் ஆபத்துகளைப் பார்த்து மாற்றித் தர வேண்டிய சட்டக் கடமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. வார்டு வேலையில் அந்தப் பட்டியல் நீளமானது: ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவி வைத்து நோயாளியை மாற்றுவது, புற்றுநோய் மருந்துகளைக் கையாளுவது, படுக்கைக்கே வந்து எக்ஸ்ரே எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது, குழப்பத்தில் கை ஓங்கும் நோயாளிகள், தொற்றுக்காகத் தனி அறையில் இருப்பவர்கள், இடைவேளையே இல்லாமல் நிற்பது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதி, எதற்கு என்ன மாற்று என்று கையெழுத்து வாங்குங்கள். வாரங்கள் ஏற ஏற அதே தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வாரத்தில் முடிந்த வேலை 28 வாரத்தில் முடியாது.

பரிசோதனைகளுக்குச் சம்பளத்தோடு நேரம் கிடைக்கும், போய்வரும் நேரமும் அதில் சேரும். சொல்லாமல் இருந்த வாரங்களில் முதல் மிட்வைஃப் (பேறுகால நர்ஸ்) சந்திப்பு, 12 வார ஸ்கேன் இரண்டுக்கும் என் சொந்த லீவைத்தான் எடுத்தேன். வாந்தியால் லீவு போட்டாலும் "கர்ப்பம் சார்ந்த நோய்" என்று பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அப்படிப் பதிவான நாட்களை அடிக்கடி லீவு எடுப்பவர் என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் "வயிறு சரியில்லை" என்று சொல்லி எடுத்த நான்கு நாட்கள் அந்தக் கணக்கில் ஏறி, ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. விசா பயமும் பலரைச் சொல்ல விடாமல் தடுக்கிறது. சம்பளமில்லாமல் ஒரு வருடத்தில் நான்கு வாரத்துக்கு மேல் போனால் ஸ்பான்சர்ஷிப்புக்குச் சிக்கல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் மெட்டர்னிட்டி லீவு அந்த விதிக்கு விலக்கு. கர்ப்பத்தைச் சொன்ன நாள் முதல் குழந்தைக்கு 18 மாதம் ஆகும்வரை, ஆட்குறைப்பு வந்தால் பொருத்தமான காலி வேலையை உங்களுக்கு முதலில் தர வேண்டும் என்ற பாதுகாப்பும் 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது.

இப்போது அந்த ஆயிரம் பவுண்டு. நைட் ஷிப்ட் தாங்கவில்லை. காரணம் சொல்லாமல், தோழிகளிடம் கெஞ்சி வாரத்துக்கு ஒரு நைட்டை பகலுக்கு மாற்றிக்கொண்டேன். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் பேண்ட் 5 சம்பளப் படியில் இருக்கும் நர்சுக்கு வாரநாள் இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம் கூடுதல். ஒரு நைட் போனால் 45 பவுண்டுக்குக் குறையாமல் போகும். எட்டு நைட் என்றால் 360. இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மெட்டர்னிட்டி சம்பளத்தைக் கணக்கிட அவர்கள் எடுப்பது ஏறக்குறைய எட்டு வாரச் சராசரி. பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்பு வரை, அதாவது 25-ஆம் வாரம் வரை உங்கள் கைக்கு வந்த சம்பளம்தான் அந்தச் சராசரி. எப்போது வேலை செய்தீர்கள் என்று பார்ப்பதில்லை, எப்போது கணக்கில் ஏறியது என்றுதான் பார்ப்பார்கள். நைட் பணம் பல இடங்களில் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும் என்பதால் 13 முதல் 22-ஆம் வாரம் வரை செய்த வேலைதான் பெரும்பாலும் கணக்கில் விழுகிறது. நான் நைட்டை விட்டது சரியாக அந்த வாரங்களில். முழுச் சம்பள 8 வாரத்திலும் அரைச் சம்பள 18 வாரத்திலும் அதன் அடி விழுந்தது.

எப்படிச் செய்திருக்க வேண்டும்? இரவு வேலை உடம்புக்கு ஆகாது என்று ஜிபியிடமோ (குடும்ப மருத்துவர்) மிட்வைஃபிடமோ சான்றிதழ் வாங்கி, ரிஸ்க் அசெஸ்மென்ட் வழியாகப் பகலுக்கு மாறியிருக்க வேண்டும். அப்படி மாற்றும்போது தரும் வேலையின் நிபந்தனைகள் பழையதைவிடக் கணிசமாகக் குறையக் கூடாது. மாற்று வேலையே இல்லையென்றால் முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். தோழியிடம் கேட்டு மாற்றிக்கொண்டால் நீங்களாக விட்டுக்கொடுத்ததாகிவிடும். அந்த எட்டு வாரங்களில் சம்பளத்தில் பிடித்து வாங்கும் கார், சைக்கிள் திட்டம் எதிலும் புதிதாகச் சேராதீர்கள். அதுவும் சராசரியைக் குறைக்கும்.

சம்பளத்துக்கான தகுதித் தேதிகளைக் கல்யாண முகூர்த்தம் போலக் குறித்து வையுங்கள், ஒரு வாரம் தவறினாலும் ஆயிரக்கணக்கில் போகும். சட்டப்படியான மெட்டர்னிட்டி சம்பளத்துக்கு, 25-ஆம் வாரத்துக்குள் அதே முதலாளியிடம் 26 வாரம் வேலை செய்திருக்க வேண்டும். எளிமையாகச் சொன்னால், கரு உண்டாகும்போதே அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். வயிற்றில் குழந்தை இருக்கும்போது வேறு இடத்துக்கு மாறினால் இது போய்விடும். அப்போது மெட்டர்னிட்டி அலவன்ஸ் என்று தனியாக அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். கடந்த 66 வாரத்தில் 26 வாரம் வேலை செய்திருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். சட்டப்படியான தொகை முதல் 6 வாரம் சராசரியில் 90 சதவீதம், பிறகு 33 வாரத்துக்கு 2025-26 கணக்கில் வாரம் 187.18 பவுண்டு. வாடகையும் நர்சரியும் கட்டுகிறவர்களுக்கு அது எந்த மூலைக்கு? என்.எச்.எஸ்.ஸில் 29-ஆம் வாரம் தொடங்கும்போது 12 மாதச் சேவை முடிந்திருந்தால் 8 வாரம் முழுச் சம்பளம், 18 வாரம் அரைச் சம்பளமும் அதற்கு மேல் சட்டத் தொகையும், பிறகு 13 வாரம் சட்டத் தொகை மட்டும். திரும்பி வந்து குறைந்தது 3 மாதம் என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் கூடுதலாகத் தந்ததைத் திருப்பிக் கேட்பார்கள். புதிதாக வந்து, நர்ஸாகப் பதிவு பெற ஓ.எஸ்.சி.இ. பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் தங்கைகள் இந்த 12 மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 20 வாரம் ஆனதும் மிட்வைஃப் தரும், பிரசவத் தேதியை உறுதிசெய்யும் மேட்-பி1 படிவத்தை வாங்கி நகல் எடுத்துவிட்டு அசலைக் கொடுங்கள். லீவு எப்போது தொடங்கும் என்பதை 25-ஆம் வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பணத்தைவிட்டு உடம்புக்கு வருகிறேன். முதல் பிள்ளைக்கு வேலையிலிருந்து வந்தால் படுத்துவிடலாம். இரண்டாவதுக்கு அது கிடையாது. நர்சரி போகும் பிள்ளை வீட்டுக்குள் எல்லாத் தொற்றையும் கொண்டுவரும். இதில் மூன்று முக்கியம். முதலாவது சின்னம்மை. நம் மாதிரி வெப்ப நாடுகளில் வளர்ந்த பெண்களில் பலருக்குச் சின்னம்மை வந்தே இருக்காது, எதிர்ப்பும் இருக்காது. இங்கே குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் அது 2026 ஜனவரியில்தான் சேர்ந்தது, அதனால் நர்சரிகளில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ஆக்குபேஷனல் ஹெல்த் (ஊழியர் நலப் பிரிவு) எடுத்த ரத்தப் பரிசோதனையில் உங்கள் நிலை பதிவாகியிருக்கும். கேட்டு வாங்கி வையுங்கள். மற்ற வேலையில் இருப்பவர்கள் மிட்வைஃபிடம் கேட்கலாம். எதிர்ப்பு இல்லாமல் சின்னம்மைக் குழந்தையோடு ஒரே அறையில் இருந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஃபோன் செய்ய வேண்டும். முன்கூட்டியே தரும் மாத்திரை இருக்கிறது. இரண்டாவது, கன்னம் அறைந்தது போலச் சிவக்கும் பார்வோ வைரஸ். நர்சரியில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தால், அதுவும் 20 வாரத்துக்குள் என்றால், மிட்வைஃபிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய சி.எம்.வி. வைரஸ். அது சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும். நம் வீட்டில் பிள்ளை பாதி கடித்து வைத்த இட்லியை, தட்டில் மிஞ்சின பருப்புச் சாதத்தை, வீணாகக் கூடாது என்று நாம்தான் வாயில் போட்டுக்கொள்கிறோம். கர்ப்பத்தில் அதை நிறுத்துங்கள். பிள்ளையின் கரண்டியை நாக்கில் வைத்துச் சூடு பார்ப்பது, கீழே விழுந்த சூப்பானை நம் வாயில் வைத்துத் துடைப்பது, உதட்டில் முத்தம் கொடுப்பது எல்லாம் நிற்கட்டும். நெற்றியில் கொடுத்துக்கொள்ளலாம். டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வார்டில் கையுறை போடாமல் எதையும் தொடாத நாமே வீட்டில் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில்தான் நான் அதிகம் அழுதது. வார்டில் நீண்ட பகல் என்றால் காலை 7.30 முதல் இரவு 8 வரை. நர்சரிகள் பெரும்பாலும் 8 மணிக்குத் திறந்து 6 மணிக்கு மூடும். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரத் தாமதமானால் நிமிடக் கணக்கில் அபராதம். எங்களுக்கு ஒரே மாதத்தில் 75 பவுண்டு போனது. ரோஸ்டர் வாராவாரம் மாறும், நர்சரியோ நிலையான நாட்களைத்தான் கேட்கும், வராத நாளுக்கும் காசு. இதற்கு இரண்டு வழி. ஒன்று, சட்டப்படியான ஃப்ளெக்ஸிபிள் வொர்க்கிங் விண்ணப்பம். 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே கேட்கலாம், வருடத்துக்கு இரண்டு முறை. இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், மறுப்பதற்கு முன் உங்களோடு பேச வேண்டும். "நேரம் குறைக்க வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் மறுப்பது சுலபம். "செவ்வாய், வியாழன், சனி நிலையாக வேண்டும், அந்த நாட்களில் எந்த ஷிப்டும் சம்மதம்" என்று கேட்டால் மேனேஜருக்கும் வசதி. இன்னொன்று, நர்சரிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் பதிவு செய்த சைல்ட்மைண்டர். தங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதால் சிலர் 7 மணிக்கே வாங்கிக்கொள்வார்கள். தெரிந்த அக்காவிடம் காசு கொடுத்து விடுவதாக இருந்தாலும், அவர் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

விசாவில் இருப்பவர்கள் குழம்பும் இடமும் இதுதான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 15 மணி நேரம், வருடத்தில் 38 வாரம் கிடைக்கும் இலவச நேரத்துக்கு விசா தடையில்லை. வேலை பார்க்கும் பெற்றோருக்கான 30 மணி நேரம், வரிச்சலுகை நர்சரிக் கணக்கு இரண்டுக்கும் பெற்றோரில் ஒருவருக்காவது பொதுநிதி உரிமை (அரசு உதவித்தொகைகளைப் பெறும் உரிமை) இருக்க வேண்டும். 15 மணி நேரம் பிறந்தநாளன்றே தொடங்காது, அடுத்த பருவத்தில்தான். மார்ச் 31-இல் மூன்று வயதாகும் பிள்ளைக்கு ஏப்ரலில் கிடைக்கும், ஏப்ரல் 2-இல் ஆகும் பிள்ளைக்கு செப்டம்பரில்தான். லீவில் வீட்டில்தானே இருக்கப் போகிறோம் என்று மூத்த பிள்ளையின் இடத்தை விட்டுவிடாதீர்கள். இலவச நேரம் கிடைக்கும் நாட்களையாவது வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் திரும்பக் கிடைக்க மாதங்கள் ஆகும். பள்ளி சேர்க்கும் வயதென்றால் ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் ஆண்டு) விண்ணப்பத்துக்கு ஜனவரி 15 கடைசி நாள். பிரசவக் களேபரத்தில் இந்தத் தேதி தவறினால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கைநழுவும்.

நம்மவர்களுக்கு 24-இலிருந்து 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை உண்டு, தெற்காசியர் என்பதே ஒரு காரணம். ராத்திரி முதல் வெறும் வயிறு, காலையில் ஒரு ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த திரவம், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். அந்த இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், அதனால் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். நைட் முடித்த கையோடும் போகாதீர்கள். வெறும் வயிற்றில் 5.6, இரண்டு மணியில் 7.8, இரண்டில் ஒன்று எட்டினாலே சர்க்கரை என்று முடிவு. ஊரில் பழகிய அளவுக்கு மாற்ற 18-ஆல் பெருக்குங்கள்: 5.6 என்பது 100, 7.8 என்பது 140. ஊருக்கு ஃபோனில் "எட்டு இருக்கு" என்று சொல்லி அம்மாவைக் குழப்பியவள் நான். ஹீமோகுளோபினும் இப்படித்தான், இங்கே 105 என்றால் ஊர்க் கணக்கில் 10.5. பிந்தைய மாதங்களில் அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்பு மாத்திரையைக் காலை டீயோடு விழுங்கினால் பாதி வீண், டீக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள், ஆரஞ்சுச் சாற்றோடு போடுங்கள்.

சர்க்கரை இருந்தால் தினமும் நான்கு முறை விரலில் குத்த வேண்டும். வெறும் வயிற்றில் 5.3-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழ் இருக்க வேண்டும். வார்டில் இதைச் சமாளிக்க இடைவேளை நேரம் நிலையாக இருக்க வேண்டும். அதையும் ரிஸ்க் அசெஸ்மென்ட் தாளில் எழுதச் சொல்லலாம். சாப்பாட்டில் நான்கு இட்லி இரண்டாகி, பக்கத்தில் கெட்டிச் சாம்பாரும் இரண்டு முட்டையும் வந்தால் எண் இறங்கும். காலையில்தான் உடம்பு மாவுச்சத்தை ஏற்காமல் முரண்டு பிடிக்கும், அதனால் சோறு, தோசையை மதியத்துக்குத் தள்ளி, காலையில் சுண்டல், முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவாமல் குத்தாதீர்கள், பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்த விரலில் 9 காட்டும். பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 13 வாரத்துக்குள் ஒரு வெறும் வயிற்றுப் பரிசோதனையும் வருடா வருடம் ஒன்றும் உண்டு. கைக்குழந்தையோடு எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். மாத்திரை, ஊசி, பல் வைத்தியம் எல்லாம் குழந்தைக்கு ஒரு வயது வரை உங்களுக்கு இலவசம். மிட்வைஃப் ஒரு விலக்குச் சான்றிதழுக்குப் பதிந்து தர வேண்டும். தெரியாமல் ஆறு மருந்துச் சீட்டுக்கு ஒவ்வொன்றும் 9.90 பவுண்டு கட்டினேன்.

கடைசி மாதங்களில் குழந்தை அசைவு. 12 மணி நேரம் ஓடும்போது அசைவு தெரியாது, மாலையில் உட்கார்ந்ததும்தான் "காலையிலிருந்து அசைந்ததா?" என்ற சந்தேகம் வரும். அப்போது வார்டில் கிடக்கும், இதயத் துடிப்பு கேட்கும் டாப்ளரை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஆசை நமக்கு வரும். வேண்டாம். இதயத் துடிப்பு கேட்பதால் குழந்தை நலம் என்று ஆகாது, பொய்யான நிம்மதியில் நேரம்தான் போகும். மகப்பேறு ட்ரையேஜுக்கு (அவசரப் பிரிவு) ஃபோன் செய்து உடனே போங்கள், 24 மணி நேரமும் திறந்திருக்கும், எத்தனை முறை போனாலும் திட்ட மாட்டார்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி அரிப்பு வந்தால் வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். பித்தம் தேங்கும் நோய் நம் இனத்துப் பெண்களுக்கு அதிகம், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், திடீர் முகவீக்கம் என்றால் பிபி பார்க்கும்வரை எந்த வேலையும் இல்லை.

36 வாரத்துக்குப் பிறகு ஒரு வலை இருக்கிறது. பிரசவ வாரத்துக்கு முந்தைய நான்கு வாரத்தில், கர்ப்பம் சார்ந்த நோயால் ஒரே ஒரு நாள் லீவு போட்டாலும் மறுநாளே மெட்டர்னிட்டி லீவு தானாகத் தொடங்கிவிடலாம். அந்த வாரங்கள் குழந்தையோடு இருக்க வேண்டிய வாரங்களிலிருந்து கழியும். என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில், ஒன்றிரண்டு நாட்களைக் கணக்கில் எடுக்காமல் விடச் சொல்லி நாமே கேட்கலாம். அதையும் எழுத்தில் கேளுங்கள். சேர்ந்திருக்கும் ஆண்டு லீவை 36-ஆம் வாரத்திலிருந்து எடுத்துவிட்டு, அதன் பின் மெட்டர்னிட்டி தொடங்குவது எனக்குச் சரியாகப் பட்டது.

அம்மாவை அழைப்பது. விசிட்டர் விசாவில் ஒரு முறைக்கு ஆறு மாதம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பேரப்பிள்ளையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம், கூலிக்கு ஆள் வைத்தது போல இருக்கக் கூடாது. அம்மாவுக்கு பிபி, சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லி எடுத்த காப்பீடு கட்டாயம் வேண்டும். விருந்தாளியாக வந்தவரை மருத்துவமனையில் சேர்த்தால் கட்டணம் சாதாரணக் கணக்கைவிட ஒன்றரை மடங்கு. பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன் வந்தால் போதும். சீக்கிரம் வரவழைத்தால் நீங்கள் வேலைக்குத் திரும்பும் காலத்தில் அவர் ஊரில் இருப்பார். சுக்கு, பெருங்காயம் கொண்டுவரலாம். வீட்டில் காய்ச்சிய நெய்யை எடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பால் பொருளுக்கும் உப்புக்கண்டம் போன்ற இறைச்சிக்கும் அனுமதியில்லை. பிரசவத்துக்கு நீங்கள் ஊருக்குப் போவதாக இருந்தால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான கணக்கில் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மெட்டர்னிட்டி லீவில் போனாலும் அந்த நாட்கள் சேரும்.

அம்மா வருவதற்குள் வலி வந்துவிட்டால்? இதை யோசித்து யோசித்துத்தான் பல ராத்திரி தூங்கவில்லை. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் வேகமாக நடக்கும். மூத்த பிள்ளையை விட ஆள் இல்லாமல் வீட்டுக்காரர் காரிலேயே பிள்ளையோடு உட்கார்ந்திருக்க, உள்ளே தனியாகப் பெற்றவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். 34-ஆம் வாரத்துக்குள் மூன்று பேரைப் பிடியுங்கள், ஒருவராவது நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பிள்ளையை அவரோடு விட்டுப் பழக்குங்கள். நர்சரியில் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியலில் அவர் பெயரும் ரகசியச் சொல்லும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பையில் இரண்டு உடுப்பு, அவள் கட்டிக்கொண்டு தூங்கும் துணி, பாராசிட்டமால் சிரப்பும் அளவு எழுதிய தாளும், ஒவ்வாமை விவரம், ஜிபி எண். என் மகளுக்குத் தூங்கப் போகும்போது என் பழைய நீல நிறச் சேலைத் துண்டு வேண்டும். அதை மட்டும் பையில் வைக்க மறந்துபோய், அந்த ராத்திரி முழுக்க அவள் அழுதாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது எனக்குப் பால் சுரந்து உடுப்பு நனைந்தது.

குழந்தை பிறந்ததும் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அங்கே தரும் தாள்களைப் பார்த்து சைல்ட் பெனிஃபிட் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள், பொதுநிதி இல்லாத விசாவில் அது விதிமீறல். மெட்டர்னிட்டி சம்பளம், அலவன்ஸ், 15 மணி நேர நர்சரி ஆகியவை பொதுநிதி அல்ல, தயங்காமல் வாங்குங்கள். பெற்றோர் இருவரும் விசாவில் இருந்தால் இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தை பிரிட்டிஷ் ஆகாது. நாட்டுக்குள்ளேயே இருக்க விசா தேவையில்லை, ஆனால் வெளியே போய்த் திரும்பத் தேவை. வரிசை இதுதான்: பிறப்புச் சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட், அதன்பின் டிபென்டென்ட் விசா, அதற்குப் பிறகுதான் டிக்கெட். முதல் மொட்டைக்குத் தேதி குறித்து டிக்கெட் எடுத்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள் டிக்கெட் பணத்தை இழந்திருக்கிறார்கள். அப்பாக்களின் இரண்டு வார லீவை இப்போது ஒவ்வொரு வாரமாகப் பிரித்து ஒரு வருடத்துக்குள் எடுக்கலாம். ஒரு வாரத்தைப் பிரசவத்துக்கும், இன்னொன்றை அம்மா ஊருக்குக் கிளம்பும் வாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம்தான் வீடு காலியாக இருக்கும்.

வேலைக்குத் திரும்புவதில் ஒரு கணக்கு இருக்கிறது, இதை எனக்குச் சொன்னது பக்கத்து வார்டு மலையாளி சேச்சி. ஒரு வருடம் லீவில் இருந்தாலும் ஆண்டு லீவும் பொது விடுமுறைகளும் சேர்ந்துகொண்டே இருக்கும். முழுநேர என்.எச்.எஸ். ஊழியருக்குத் தொடக்கத்தில் 27 நாளும் 8 பொது விடுமுறையும், ஆக 35 நாள். நாளுக்கு ஏழரை மணி நேரம் என்று 262.5 மணி நேரம். ஒரு நீண்ட பகல் 11.5 மணி நேரமென்றால் 22 ஷிப்ட். வாரம் மூன்று ஷிப்ட் போகிற இடத்தில் ஒன்றை லீவாக வைத்தால், ஐந்து மாதம் முழுச் சம்பளத்தில் வாரம் இரண்டே நாள். பால் குடிக்கும் பிள்ளையை விட்டுப் போகிற அம்மாவுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. முன்பே குறித்த தேதியை மாற்றித் திரும்ப வேண்டுமென்றால் 8 வாரம் முன்பு அறிவிக்க வேண்டும். லீவு இருக்கும்போதே 10 நாள் வரை, லீவு முடிந்துவிடாமல், வேலைக்குப் போய்ப் பழகிக்கொள்ளலாம். இந்த 22 ஷிப்ட் ஏற்பாட்டை மட்டும் திரும்பி வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மெட்டர்னிட்டிக்குப் போகும் முன்பே மேனேஜருக்கு எழுதி, "சம்மதம்" என்ற பதிலை வாங்கிச் சேமித்து வையுங்கள். நான் எழுதிய மேனேஜர் நான் திரும்பும்போது அங்கே இல்லை. புது மேனேஜரிடம் காட்ட அந்தப் பதில் இருந்தது.